முதல்ல அம்மாவைக் காட்டுங்க

போன வருஷம் ஜூன் மாசம், தி.நகர் பனகல் பார்க் வாசல்ல, ஒரு ஷூ டப்பாவுக்குள்ள வச்சுத்தான் அந்தக் குட்டியை எங்க கையில கொடுத்தாங்க. மூடியில பேனாவால குத்தின ஆறு ஓட்டை. பைக்ல வந்த பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டலை. "60 நாள் ஆச்சுண்ணா, ஒரு ஊசி போட்டாச்சு, ராயல் கேனின் மட்டும் கொடுங்க"ன்னு சொல்லிட்டு, ஜிபே சத்தம் கேட்டதும் கிளம்பிட்டான். கொடுத்த தொகை கிட்டத்தட்ட என் ஒரு செமஸ்டர் ஃபீஸ்.

குட்டி எனக்கில்லை, சித்திக்கு. மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்துல மூணாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய பிளாட். தம்பி கனடா போனதுல இருந்து தனியா இருக்காங்க. "பெரிய நாய் என்னால இழுக்க முடியாதுடா, மடியில வச்சுக்கிற மாதிரி ஒண்ணு பாரு"ன்னாங்க. நான்தான் ரெண்டு நாள் உட்கார்ந்து தேடி, யார்க்‌ஷையர் டெரியர்னு முடிவு பண்ணி, இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜைப் பிடிச்சு, அட்வான்ஸும் போட்டேன். ஒரு மொபைல் வாங்க மூணு வாரம் ரிவ்யூ பார்க்கிற ஆள் நான். இதுக்கு ரெண்டே நாள்.

மூணாவது நாள் ராத்திரி குட்டி சாப்பிடலை, சோர்ந்து படுத்துடுச்சு. தூங்குதுன்னு சித்தி நினைச்சாங்க. காலையில அஞ்சரை மணிக்குப் பார்த்தா உடம்பு சில்லுன்னு இருக்கு, வாய் ஒரு பக்கமா இழுக்குது. ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட போய்ச் சேர்ந்து பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துட்டு கேட்டார்: "இதுக்கு ரெண்டு மாசம்னு யார் சொன்னா? அஞ்சு வாரம்கூட இருக்காது. சுகர் இறங்கியிருக்கு. நேத்து ராத்திரி ஈறுல கொஞ்சம் தேன் தடவித் தூக்கிட்டு வந்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

இன்ஸ்டா பேஜுக்கு மெசேஜ் போட்டேன். பிளாக்.

அதுக்கப்புறம் ஒரு வருஷமா டாக்டர்கள், நாய் வளர்க்கிறவங்க, டாக் ஷோ ஆட்கள்னு கண்டவங்ககிட்ட எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நம்ம கிளாஸ் குரூப்லயே மாசம் ஒருத்தராவது "யார்க்கி பப்பி எங்க மச்சி கிடைக்கும்?"னு கேட்கிறாங்க. அவங்களுக்காக.

இது என்ன நாய்?

பார்க்க பொம்மை மாதிரி இருந்தாலும் யார்க்கி பொம்மைக்காக உருவான நாய் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு நடுவுல, வேலை தேடி ஸ்காட்லாந்துல இருந்து இங்கிலாந்தோட யார்க்‌ஷையர் பகுதிக்கு வந்த நெசவாளிகள் தங்களோட சின்ன டெரியர்களையும் கூட்டிட்டு வந்தாங்க. அங்க இருந்த நாய்களோட கலந்து உருவானதுதான் இது. மில்லுலயும் சுரங்கத்துலயும் எலி பிடிக்கிற வேலை. 1865-ல பிறந்த 'ஹடர்ஸ்ஃபீல்ட் பென்'ங்கிற நாயைத்தான் இந்த இனத்தோட மூதாதைன்னு சொல்றாங்க. அது ஆறே வருஷம்தான் வாழ்ந்தது. அதுக்குள்ள அவ்வளவு வாரிசு.

நம்ம ஆட்களுக்குப் பிடிக்கிற கதை ஒண்ணு சொல்லணும். இரண்டாம் உலகப் போர்ல, 1944-ல, நியூ கினி காட்டுல ஒரு பதுங்குகுழியில கிடைச்ச பெண் யார்க்கி பேரு ஸ்மோக்கி. எடை ரெண்டு கிலோகூட இல்லை. பில் வின்னுங்கிற அமெரிக்க வீரர் வளர்த்தார். பிலிப்பைன்ஸ்ல லிங்காயன் விமானத்தளத்துல ஓடுபாதைக்கு அடியில தகவல்தொடர்பு ஒயர் இழுக்கணும். தோண்டினா பல நாள் வேலை, மேல விமானம் இறங்க முடியாது. இருந்தது 70 அடி நீளம், 8 அங்குல விட்டத்துல ஒரு குழாய், அதுலயும் பாதி மண். ஸ்மோக்கி கழுத்துப் பட்டையில கயிறு கட்டி விட்டாங்க. அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டார் வின். அது குழாய்க்குள்ள ஊர்ந்து வந்து சேர்ந்துச்சு. நம்ம ஹாஸ்டல்ல லேன் கேபிள் இழுக்க ரெண்டு செமஸ்டர் ஆச்சு, அது வேற விஷயம்.

அதாவது இது மடியில தூங்க மட்டும் சம்மதிக்கிற நாய் இல்லை. துறுதுறுப்பு, பிடிவாதம், வாசல்ல காலடி கேட்டா குரைப்பு எல்லாம் உண்டு. அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரர் சுபாவத்தையும் யோசிச்சுக்கணும்.

சின்னதா இருக்கிறதுதான் சிக்கலே

வளர்ந்த யார்க்கியோட எடைக்கு பிரிட்டிஷ் கென்னல் கிளப் வச்சிருக்கிற மேல் வரம்பு 3.2 கிலோ. அதுவே குட்டி. இதுக்கும் கீழ 'டீகப் யார்க்கி', 'மைக்ரோ'ன்னு விற்பாங்க. அப்படி ஒரு வகையே கிடையாது. கென்னல் கிளப் எதுவும் டீகப்னு தனியா பதிவு பண்றதில்லை. ஈத்துல நோஞ்சானா பிறந்ததையோ, ரெண்டு நோஞ்சானைச் சேர்த்துப் பிறந்ததையோ, இல்ல எங்க கதை மாதிரி அஞ்சு வாரக் குட்டியையோ 'டீகப்'னு பேர் வச்சு கூடுதல் விலைக்குக் கொடுக்கிறாங்க.

ஏன் ஆபத்துங்கிறதுக்கு உயிரியல் வேணாம், நம்ம ஃபர்ஸ்ட் இயர் கணக்கே போதும். ஒரு பொருளோட நீளத்தைப் பாதியாக்கினா பரப்பளவு கால் பங்காகும், கன அளவு எட்டுல ஒரு பங்காகும். வெப்பம் வெளியேறுறது பரப்பு வழியா. உள்ள சேமிச்சு வைக்கிறது கன அளவுல. எட்டு வார லேப்ரடார் குட்டி அஞ்சு கிலோ இருக்கும்னா, அதே வயசு யார்க்கி முக்கால் கிலோ அளவுல இருக்கும். கணக்குப் போட்டா ஒரு கிலோ உடம்புக்கு யார்க்கிக்கு வெளிப்பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அவ்வளவு வேகமா சூடு போகுது, அதை ஈடுகட்ட அவ்வளவு வேகமா சர்க்கரை எரியுது. ஆனா கல்லீரல்ல சேமிப்பு ரொம்பக் கொஞ்சம், தசையும் இல்லை. ஒரு வேளை சாப்பாடு தவறினா, இல்ல பயத்துல சாப்பிடாம இருந்தா, சில மணி நேரத்துல ரத்தத்துல சர்க்கரை விழுந்துடும். முதல்ல சோர்வு, தள்ளாட்டம், அப்புறம் உடம்பு சில்லிட்டு வலிப்பு.

அதனால மூணு மாசம் வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பாடு, படுக்கப் போற நேரத்துலயும் ஒரு தடவை. குட்டி துவண்டு கிடந்தா தேனோ சர்க்கரைப் பாகோ விரல்ல தொட்டு ஈறுல தடவணும். வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, புரையேறிடும். தடவினதும் "சரியாயிடுச்சு"ன்னு உட்காராம உடனே டாக்டர். இந்த ஒரு பத்தி போன ஜூன்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

குட்டியைப் பார்க்கப் போகாதீங்க

விற்கிறவங்க வீட்டுக்குப் போனதும் குட்டியைக் கையில எடுத்துட்டா அதோட கதை முடிஞ்சது. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு யாராலயும் வேணாம்னு சொல்ல முடியாது. அதனால சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "முதல்ல அம்மாவைக் காட்டுங்க."

இது ஒண்ணைக் கேட்டாலே பாதிப் பேர் கழண்டுடுவாங்க. "அம்மா ஊர்ல இருக்கு", "வாக்கிங் போயிருக்கு", "வெளி ஆளைப் பார்த்தா கடிக்கும்", "வீடியோ அனுப்புறேன்". ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: இவர் வளர்க்கிறவர் இல்லை, வாங்கி விற்கிறவர். எங்க இருந்து வந்துச்சு, எத்தனை மணி நேரம் டப்பாவுல வந்துச்சு, வழியில எந்த நாயோட இருந்துச்சுன்னு அவருக்கே தெரியாது.

அம்மா நாய்கிட்ட என்ன பார்க்கிறது? பால் கொடுத்த நாய் கொஞ்சம் இளைச்சு, முடி உதிர்ந்துதான் இருக்கும், அது தப்பில்லை. ஆனா உங்களைப் பார்த்து மூலையில பதுங்குதா, வால் ஆட்டி வந்து மோப்பம் பிடிக்குதா? நடக்கும்போது பின்னங்காலைத் திடீர்னு தூக்கி ரெண்டடி நொண்டிட்டு மறுபடி சாதாரணமா நடக்குதா? அப்படின்னா முட்டிச் சில்லு இடம் விலகுற பிரச்சினை இருக்கலாம். சின்ன நாய்கள்ல இது சாதாரணம், பிள்ளைக்கும் வரும். வாத்து கத்துற மாதிரி இருமுதா? மூச்சுக்குழாய் தளர்ச்சி, இதுவும் யார்க்கிக்கு அதிகம். எங்க தூங்குது, தரை எப்படி இருக்கு, தண்ணிப் பாத்திரம் சுத்தமா இருக்கான்னு கண்ணை ஓட்டுங்க. மூக்கையும் நம்பலாம்.

அடுத்தது ஒரு கணக்கு. யார்க்கி ஒரு ஈத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு குட்டிதான் போடும். 2017-ல மத்திய அரசு கொண்டு வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி பெண் நாய்க்கு 18 மாசம் ஆகியிருக்கணும், வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, வாழ்நாள்ல அஞ்சைத் தாண்டக் கூடாது, எட்டு வயசுக்கு மேல கூடவே கூடாது. அப்போ ஒரு தாய் நாய்கிட்ட இருந்து வருஷத்துக்கு சராசரியா மூணு நாலு குட்டிதான் கிடைக்கும். ஒருத்தர் எல்லா மாசமும் "நாலு குட்டி ரெடி, ஆண் பெண் ரெண்டும் இருக்கு"ன்னு போஸ்ட் போடுறார்னா, அவர் வீட்ல குறைஞ்சது 12 தாய் நாய் இருக்கணும். இல்லைன்னா ஒரே நாயை ஓய்வே இல்லாம ஈன வைக்கணும். இல்லைன்னா அவர் தரகர். மூணுல எது உண்மையா இருந்தாலும் நமக்கு வேணாம். அதே ஆள் யார்க்கி, ஷிட்சூ, ஹஸ்கி, பெர்ஷியன் பூனை எல்லாம் வச்சிருந்தா கணக்கே போட வேணாம்.

அதே விதிகள் இன்னும் சிலதைச் சொல்லுது. விற்பனைக்கு நாய் வளர்க்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்டா கோபப்படுறவர்கிட்ட வாங்க வேணாம். எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன்னாடி மைக்ரோசிப் போட்டிருக்கணும். பொது இடத்துல வச்சு விற்கக் கூடாது. என்ன சாப்பாடு, எப்போ ஊசி, எப்போ பூச்சி மருந்து, எந்த டாக்டர்னு எழுதிக் கொடுக்கணும். பனகல் பார்க் ஷூ டப்பா இதுல எத்தனை விதியை மீறுதுன்னு எண்ணிப் பார்த்தேன். நான் வாங்கினதால அந்த மீறல்ல எனக்கும் பங்கு இருக்கு.

எட்டு வாரம்ங்கிறது சும்மா வச்ச எண் இல்லை. பால் மறந்து தானா சாப்பிடப் பழகுறது, கடிச்சா எவ்வளவு வலிக்கும்னு கூடப் பிறந்ததுகளோட சண்டை போட்டுத் தெரிஞ்சுக்கிறது எல்லாம் அந்த வாரங்கள்லதான். யார்க்கி மாதிரி சின்ன இனங்களுக்கு பத்து, பன்னிரண்டு வாரம் வரைக்கும் வச்சிருந்து கொடுக்கிறவங்கதான் நல்ல ப்ரீடர். "சின்னதுல எடுத்தாத்தான் பாசம் வரும்"னு சொல்றது விற்பனைப் பேச்சு. வயசைச் சரிபார்க்கப் பல் போதும். எட்டு வாரத்துல பால் பல் 28-ம் ஏறக்குறைய முளைச்சிருக்கும். முன்பல் மட்டும் அரிசி மாதிரி எட்டிப் பார்த்துட்டு, பின்னால ஈறு வழவழன்னு இருந்தா அது ரெண்டு மாசக் குட்டி இல்லை.

பேப்பர், சிப், கார்டு

"பேப்பர் வேணுமா, வேணாமா? பேப்பரோடன்னா பத்தாயிரம் கூட" — இந்தக் கேள்வியே மோசடி. கே.சி.ஐ. சான்றிதழ் மொபைல் கவர் மாதிரி தனியா விற்கிற அக்சசரி இல்லை. அப்பா அம்மா ரெண்டும் பதிவான நாயா இருந்து, ஈத்தையே பதிவு பண்ணினா வர்றது. 'அப்புறமா கூரியர்ல வரும்'னு சொன்னா, ஈத்துப் பதிவு பண்ணினதுக்கான ஆதாரத்தையாவது இப்பவே காட்டச் சொல்லுங்க.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா 1896-ல ஆரம்பிச்சது, அதோட தலைமை அலுவலகம் நம்ம அண்ணா நகர்லதான் இருக்கு. நாடு முழுக்க நாய்ப் பேப்பர் அடிக்கிற ஆபீஸ் மெட்ரோல போற தூரத்துல இருக்கும்போது, சந்தேகம்னா நேர்ல போய்க் கேட்க நமக்கென்ன சோம்பல்? சான்றிதழ்ல அப்பா, அம்மா, மூணு தலைமுறை, பிறந்த தேதி, நிறம், மைக்ரோசிப் எண், ப்ரீடர் பேர் எல்லாம் இருக்கும். வாங்கினதும் உரிமையாளர் பேரை மாத்தணும். ஒண்ணு மட்டும் மனசுல வைங்க: அந்தப் பேப்பர் பரம்பரையைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. பேப்பர் இருக்கிற நோயாளி நாய் நிறைய உண்டு.

மைக்ரோசிப் நம்ம ஏரியா. அரிசி மணி சைஸ் கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு சுருளும் சிப்பும், பேட்டரி கிடையாது. ஸ்கேனரோட 134.2 கிலோஹெர்ட்ஸ் அலை பட்டா அதுலயே சக்தி எடுத்துட்டு 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஜி.பி.எஸ். இல்லை, நாய் தொலைஞ்சா மேப்ல தெரியாது. நிறைய பேர் தெரியும்னு நம்பிட்டிருக்காங்க. வாங்கும்போதே ஸ்கேன் பண்ணச் சொல்லி, பேப்பர்ல இருக்கிற எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க. இதைவிட சுலபமான சோதனை வேற இல்லை, ஆனா யாரும் பண்றதில்லை.

தடுப்பூசிக் கார்டுல ஒரு ரகசியம் இருக்கு. நிஜமா ஊசி போட்டா மருந்துக் குப்பியோட லேபிளை உரிச்சு கார்டுல ஒட்டுவாங்க. பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கும், பக்கத்துல டாக்டர் கையெழுத்து, பதிவு எண்ணோட முத்திரை. எங்களுக்கு வந்த கார்டுல நீல பால் பாயின்ட்ல ஒரு தேதியும் ஒரு டிக்கும் மட்டும் இருந்துச்சு. பார்வோ வைரஸ் உடம்புல புகுந்து அறிகுறி தெரிய மூணுல இருந்து ஏழு நாள், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். வீட்டுக்கு வந்த மூணாம் நாள் ரத்தபேதி ஆரம்பிச்சா நோய் உங்க வீட்ல வந்ததில்லை, கூடவே வந்தது. ஆனா "நீங்க சரியா பார்த்துக்கலை"ன்னுதான் சொல்வாங்க. அதனால வாங்கின 48 மணி நேரத்துக்குள்ள உங்க டாக்டர் பரிசோதிச்சு, கோளாறு இருந்தா திருப்பி எடுத்துக்கணும்னு முன்கூட்டியே எழுதி வாங்குங்க. நல்ல ப்ரீடர் கேட்காமலே தருவார்.

யார்க்கிக்குன்னே கேட்க வேண்டியது கல்லீரல். குடல்ல இருந்து வர்ற ரத்தம் கல்லீரல் வழியா போய் வடிகட்டப்படணும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே ஒரு பைபாஸ் குழாய் இருக்கும், ரத்தம் சுத்தமாகாம நேரா போயிடும். இந்த இனத்துல மத்த இனங்களைவிட இது ரொம்ப அதிகம். சாப்பிட்டதுக்கு அப்புறம் மந்தமாகிறது, வட்டம் போட்டு நடக்கிறது, வளராம இருக்கிறதெல்லாம் அறிகுறி. 'டீகப்'னு விற்கிறதுல சிலது இதுவாகவே இருக்கும். பித்த அமில ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடும். "இதுக்கு முந்தைய ஈத்துக் குட்டிகள் இப்போ எங்க இருக்கு, யாருக்காவது லிவர் பிரச்சினை வந்துச்சா?"ன்னு கேளுங்க. பழைய குட்டிகளோட பேர், எடை, குறும்பு எல்லாம் ஒப்பிக்கிறவர்தான் ப்ரீடர்.

நிறத்துலயும் ஏமாத்துவாங்க. படத்துல பார்க்கிற அந்த நீலச் சாம்பல், தங்க நிறப் பட்டு முடி வளர்ந்த நாய்க்குத்தான். யார்க்கி குட்டி பிறக்கும்போது கறுப்பு, புருவத்துலயும் கால்லயும் பழுப்பு. நிறம் மாற ரெண்டு மூணு வருஷம்கூட ஆகும். கறுப்பு-பழுப்பு கலப்புக் குட்டி எதை வேணும்னாலும் யார்க்கின்னு சொல்லி விற்க இதுதான் வசதி. குட்டியை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால முடியாது. இதுக்கும் பதில் அம்மாதான்.

எங்க தேடுறது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ரெண்டும் வேடிக்கை பார்க்க நல்ல இடம், எனக்கும் பிடிக்கும். கூண்டுல குட்டி வாங்குற இடம் இல்லை. பரிதாபப்பட்டு ஒண்ணைக் காப்பாத்துறதா நினைச்சு வாங்கினா, அடுத்த வாரம் அந்தக் கூண்டுல இன்னொண்ணு வரும்.

அரசாங்கம் நடத்தினா சரியா இருக்கும்னும் சொல்ல முடியாது. சைதாப்பேட்டையில ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை மாதிரி நாட்டு இனங்களுக்காக கால்நடைத் துறையே ஒரு இனப்பெருக்க மையம் வச்சிருந்தது. அங்க நாய்கள் இருந்த நிலைமை பத்தி வழக்குப் போய், உயர் நீதிமன்ற உத்தரவால அதை மூடினாங்க.

நல்ல இடம் டாக் ஷோ. சென்னையில நடக்கிற கென்னல் கிளப் ஷோக்களுக்கு டிக்கெட் வாங்கிட்டு சும்மா போங்க. அன்னிக்கு எதுவும் வாங்காதீங்க. யார்க்கி வளர்க்கிறவங்க ரிங்குக்கு வெளியில மேஜை போட்டு சீவிட்டிருப்பாங்க. போட்டி முடிஞ்சதும் பேச்சுக் கொடுங்க. ஒருத்தர் இன்னொருத்தரைப் பத்தி வம்பு பேசுறதுலயே பாதித் தகவல் கிடைச்சுடும். ரெண்டாவது வழி, உங்க ஏரியா கால்நடை டாக்டர். மயிலாப்பூர், அடையாறு பக்கம் இருபது வருஷமா பார்க்கிற டாக்டருக்கு யாரோட குட்டி அடிக்கடி சாகுது, யாரோட குட்டி ஊசிக்கு மட்டும் வருதுன்னு தெரியும். பேர் சொல்லித் திட்ட மாட்டார், ஆனா "அங்க வேணாமே"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பார். அது போதும்.

வளர்ந்த நாய் பரவாயில்லைன்னா இன்னொரு வழியும் இருக்கு. ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் விடப்பட்ட ஜாதி நாய்கள் வேளச்சேரி ப்ளூ கிராஸ் மாதிரி இடங்களுக்கு வந்துட்டே இருக்கு. விமானியா இருந்த கேப்டன் வி. சுந்தரம் 1959-ல ஆரம்பிச்ச அமைப்பு அது.

சென்னை வெயிலுக்கு யார்க்கி தாங்குமா? பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு உள்பட 11 இனங்கள் இந்த வெப்பத்துக்கு ஒத்துவராதுன்னு 2024-ல தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டு, அதை எதிர்த்து கென்னல் கிளப் நீதிமன்றம் போச்சு. யார்க்கி அந்தப் பட்டியல்ல இல்லை. மூக்கு சப்பை இல்லை, உள் முடி அடுக்கும் இல்லை. அந்த அளவுக்கு பக்கைவிடப் பரவாயில்லை. ஆனா வயிறு தார் ரோட்டுல இருந்து ஒரு சாண் உயரத்துலதான் இருக்கும். ஏப்ரல், மே-ல காலை ஏழு மணிக்கு மேல நடக்க விடாதீங்க. நீள முடி ஷோவுக்கு. நமக்குக் குட்டையா வெட்டிவிட்டா போதும். உண்ணி நம்ம ஊர்ல வருஷம் முழுக்க உண்டு, மூணு கிலோ நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் விளையாட்டில்லை. கழுத்துப் பட்டை வேணாம், மார்புல மாட்டுற ஹார்னஸ்.

மாநகராட்சி உரிமமும் எடுக்கணும். 2025 கடைசியில மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம்னு சொல்லிட்டாங்க. தி.நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு கண்ணம்மாபேட்டையிலேயே மாநகராட்சியோட செல்லப்பிராணி மருத்துவமனை இருக்கு.

அடையாறு வீடு

இப்படி விசாரிச்சு விசாரிச்சு, ஒரு டாக்டர் கொடுத்த நம்பர் மூலமா, போன மாசம் அடையாறுல ஒரு வீட்டுக்கு சித்தியும் நானும் போனோம். அறுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. வீட்ல மொத்தம் மூணே யார்க்கி. வாரியத்தோட சான்றிதழ் ஹால் சுவர்ல, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்தாங்க. நான் கேள்வி லிஸ்ட்டை மொபைல்ல திறந்து வச்சிருந்தேன். ரெண்டாவது கேள்வி கேட்கிறதுக்குள்ள அவங்க ஆரம்பிச்சுட்டாங்க.

"மேடம், பகல்ல எத்தனை மணி நேரம் வெளியில இருப்பீங்க? மூணு மாடின்னு சொல்றீங்க, முட்டி வலி இருக்கா? முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா?"

சித்தி ஷூ டப்பா கதையை மறைக்காம சொன்னாங்க. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா யார் பார்த்துப்பா?"ன்னாங்க.

சித்தி என்னைக் காட்டினாங்க. "இவன்."

"நீ என்னப்பா படிக்கிற?"

"ஃபைனல் இயர், ஆன்ட்டி."

"அடுத்த வருஷம் பெங்களூர் போயிடுவே. வேற ஆள் சொல்லுங்க மேடம்."

கடைசியில எதிர் பிளாட் கோமதி அக்காகிட்ட போன் போட்டுக் கொடுத்து, அவங்க சம்மதம் சொன்னதுக்கு அப்புறம்தான் எங்க பேரை நோட்டுல எழுதினாங்க. அட்வான்ஸ் வாங்கலை. எப்பவாவது வச்சுக்க முடியலைன்னா வேற யாருக்கும் கொடுக்காம தன்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும்னு ஒரு காகிதத்துல கையெழுத்து மட்டும் வாங்கினாங்க. அடுத்த ஈத்து வர இன்னும் பல மாசம் ஆகும், குட்டி பிறந்து மூணு மாசம் கழிச்சுத்தான் கொடுப்பேன்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு முன்னாடி நோட்டுல ரெண்டு பேர் இருக்காங்க.

பேசிட்டிருக்கும்போதே தாய் நாய் வந்து சித்தி கால்கிட்ட உட்கார்ந்து, அஞ்சு நிமிஷம் கழிச்சு மடியில ஏறிடுச்சு. "தினமும் ஒரே நேரத்துல எடை போடணும், ரெண்டு நாள் ஏறலைன்னா எனக்கு போன் பண்ணணும்"னு அந்த அம்மா சொன்னதும் சித்தி பையில இருந்து பேனா எடுத்து எழுதிக்கிட்டாங்க. வர்ற வழியிலயே மந்தைவெளியில இறங்கி கிராம் கணக்குல காட்டுற தராசு ஒண்ணு வாங்கியாச்சு. இப்போதைக்கு அதுல காபிப்பொடி எடை போடுறாங்க.